தெல்தெனியவில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு கீப்பர்

அம்பயர் உத்தியோகத்தில் நிழல் கிடையாது, கதிரை கிடையாது, சொந்தமாக ஒரு கட்சி கிடையாது. சோற்றுப் பார்சல் மட்டும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கிடைக்கும்.

இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு மாம்பழத்தை வெட்டிக் கொடுத்துப் பார்த்தவர்கள், அண்ணன் தம்பிக்கு நடுவில் வேலி அளக்கக் கயிறு பிடித்தவர்கள், எல்லோரும் என் இனம்தான். நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று விளங்கும். நான் கண்டியில் தண்ணீர் மீட்டர் வாசித்து ஓய்வு பெற்றவன். வயதைக் கேட்டால் அறுபத்தெட்டு என்று பத்து வருடமாகச் சொல்லி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், டென்னிஸ் பந்தில் ஆடுகிற சொப்ட்போல் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்கிறேன். விளையாடுகிறவர்கள் எல்லாம் பிழைப்புக்காகக் கண்டிக்கு வந்தவர்கள். ஆறு நாளும் ‘பாண் கடைக்காரன்’, ‘இரும்புக் கடைக்காரன்’ என்று கூப்பிடப்படுகிறவர்கள். ஏழாம் நாள் கெப்டன், வேகப்பந்து வீச்சாளர், விக்கட் கீப்பர். அந்த மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க எனக்கு இரண்டு பார்சலும் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

கடுகண்ணாவையில் ரயில் ஏறிய பந்து

பேக்கரி டீமின் கெப்டன் முருகேசு. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வருடத்துக்கு முன் கண்டிக்கு வந்து, பாண் சுடுகிற போறணைக்கு முன்னால் நின்றவர். நின்றவர் நின்றவர்தான். நெருப்பில் பழகிய ஆள் என்பதால் உச்சி வெயில் அவருக்கு நிழல் மாதிரி. ஒரு முறை கடுகண்ணாவையில், ரயில் பாதை ஓரமாக ஒரு சரிவில் மெட்ச் நடந்தது. முருகேசு ஓங்கி ஒரு அடி அடித்தார். பந்து மேலே போய், கொழும்புக்கு இறங்கிக்கொண்டிருந்த ரயிலின் மூன்றாம் வகுப்பு ஜன்னலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பக்கம் பவுண்டரி எது என்று யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. ஆகவே பந்து திரும்பி வரும்வரை ஓடலாம் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். ஓடினார்கள். ஐம்பத்து மூன்று வரை எண்ணினேன். பதினொன்று என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கணக்குத் தெரியாது. ஐம்பத்து நான்காவதில் முருகேசுவின் ஜோடி ஆட்டக்காரர் புல்லில் படுத்துவிட்டார். எதிர்க் கெப்டன் ஸ்டேஷனுக்கு ஓடி, அடுத்த ஸ்டேஷனுக்கு டெலிபோன் போட்டுப் பந்தை இறக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களத்தில் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தருகிறேன்: “டிக்கட் எடுக்காத பிரயாணிக்கு நான் எதற்கு டெலிபோன் பண்ண வேண்டும்?”

மீன் பிடித்த கேட்ச்

கண்டியில் மைதானம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு வேலி, ஒரு பூட்டு, பூட்டைத் திறக்க ஒரு கடிதம், கடிதத்தில் கையெழுத்துப் போட ஒரு பெரிய மனிதர், எல்லாம் வேண்டும். பேக்கரியில் மாவு பிசைகிறவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அதனால்தான் நாங்கள் தெல்தெனிய பஸ் ஏறுகிறோம். மழை தள்ளிப்போகிற மாதங்களில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றி, முங்கிப்போன பழைய டவுன் தலை காட்டும். அங்கங்கே மதில், படிக்கட்டு, ஒரு துண்டுத் தார் ரோட்டு. அந்தத் தார் ரோட்டுத்தான் எங்கள் பிட்ச். வருடத்தில் சில மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போகிற மைதானம். ‘நீ எந்த ஊர்?’ என்று கேட்க அங்கே மீனைத் தவிர ஆள் இல்லை.

இரும்புக் கடை டீமுக்குக் கெப்டன் நியாஸ். ஏறாவூர்க்காரர். கிழமை முழுக்கச் சிமெந்து மூட்டை தூக்குகிறவர் என்பதால் அவர் கையில் டென்னிஸ் பந்து பஞ்சு மாதிரி. அவர் வீசிய பந்தை ஒரு நாள் பேக்கரிக்காரர் ஒருவர் தூக்கி அடிக்க, அது தண்ணீர் ஓரத்தில் இறங்கியது. இறங்கிய இடத்தில் ஒரு திலாப்பியா, நம் கை நீளமிருக்கும், எழும்பிப் பந்தைக் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டது. பந்து நிலத்தில் படவில்லை. சுத்தமான கேட்ச். அவுட் என்று விரலைத் தூக்கினேன். அடித்தவர் போக மறுத்தார். அவருக்காக வாதாட வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பந்து வீசிய நியாஸேதான். தகராறில் நியாயம் தவறக்கூடாதென்று அவருக்கு ஒரு கொள்கை. “ஐயா, அந்த மீன் எந்த டீம் எண்டு முதல்ல கேளுங்க.”

வலக்கண்

அப்படித் தண்ணீர் வற்றியிருந்த ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு, பழைய படிக்கட்டு ஒன்றில் ஒரு புது ஆள் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முப்பத்தெட்டு வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை, எந்தப் பக்கத்துக்கு வந்தவர் என்றும் தெரியவில்லை. இடைவேளையில் நான் பார்சலைப் பிரிக்கும்போது மெல்ல வந்து நின்று, நான் கொடுத்த எல்.பி.டபிள்யூ ஒன்றைப் பற்றி விசாரித்தார். பந்து லெக் பக்கமாக ஒரு சாண் வெளியே போனதாம். தண்ணீர் மீட்டரில் எறும்பளவு இலக்கத்தை முப்பது வருடம் வாசித்தவனிடம் வந்து சொல்கிறார்!

நீர் யார் காணும் என்று கேட்டேன். பெயர் சிவனேசன், ஊர் கிளிநொச்சி, கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பின் அறையில் இருந்து கண்ணாடி உரசுகிற வேலை. கடையில் அவரும் முதலாளியும் மட்டும்தான். இவ்வளவும் சொல்லிவிட்டு என் முகத்தைச் சாய்வாகப் பார்த்தார், மேசன் சுவரைப் பார்ப்பது போல. “ஐயா, குறை நினைக்காதேங்கோ. உங்கட வலக்கண்ணுக்கு ஒரு கண்ணாடி போடவேணும்.”

திரும்பி வந்த பஸ்

அன்று பின்னேரம் பஸ்ஸில் அவர் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. கோபம் தீரவில்லை, ஆனாலும் இரண்டு பார்சல் உள்ளே இருக்கும்போது மனிதனால் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? பேச்சுக் கொடுத்தேன். அவர் கண்டிக்கு வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. சம்பளம் நல்லது. முதலாளி தங்கமானவர். போர்டிங்கில் தனி அறை. ஊரில் மனைவியும் மகளும் சுகம். எல்லாம் இப்படி நல்லதாகவே இருக்க, மாத முடிவோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகப்போகிறார். முதலாளியிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார், அகப்படவில்லை.

ஊரில் வேலை இருக்கிறதா என்றேன். இல்லையாம். பிறகு ஏன் என்றேன். அவர் குடையைச் சுருக்கி, அதன் பட்டியைச் சுற்றி, பித்தானைப் போட்டு, திரும்பக் கழற்றிப் போட்டார். கிழமை நாட்களில் மெஷினோடு பொழுது போய்விடும். ஞாயிறு காலையில் சட்டையை அழுத்தி உடுத்திக்கொண்டு டவுனுக்கு இறங்குவார். எல்லோரும் மரியாதையாக ‘சேர்’ என்பார்கள், வழி விடுவார்கள். வாவியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். எங்கள் ஆட்டத்துக்கும் யார் பேச்சையும் கேட்டு வந்தவரல்ல. அன்று காலை, விக்கட் கட்டைகளோடு ஒரு கூட்டம் பஸ் ஏறுவதைப் பார்த்துப் பின்னால் ஏறியிருக்கிறார். “ஞாயிற்றுக்கிழமை எண்ட ஒண்டு இல்லாட்டி, கண்டி நல்ல ஊர் ஐயா.”

எட்டாவது ஆள்

அடுத்த ஞாயிறு பேக்கரியிலும் ஏழு பேர், இரும்புக் கடையிலும் ஏழு பேர். எங்கள் ஆட்டம் பக்கத்துக்கு எட்டு. ஆள் குறைந்தால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒருவரைப் போடுவது எங்கள் வழக்கம். அவர் இரண்டு டீமுக்காகவும் மட்டை பிடிப்பார். யார் ஆடினாலும் களத்தடுப்பில் நிற்பார். நான் படிக்கட்டைப் பார்த்தேன். குடை இருந்தது.

“வாரும் காணும்” என்று கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் கீப்பராக நின்றவராம். யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். காலையில் நின்றவர் மத்தியானம் பார்சல் தின்பதற்குத்தான் உட்கார்ந்தார். ஆனால் வில்லங்கம் வேறு விதத்தில் வந்தது. கீப்பர் என்றால் பந்து மட்டையில் பட்டாலும் படாவிட்டாலும் குதித்துக் கத்த வேண்டும். அதுதான் கீப்பரின் தர்மம். இந்த மனிதர் பட்டால் ‘பட்டது’ என்பார், படாவிட்டால் ‘படேல்லை’ என்று பந்தைத் திருப்பி எறிவார். பக்கம் இல்லாத ஆள் பொய் சொல்லி என்ன லாபம்? ஆட்டக்காரர்கள் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்க்கத் தொடங்கினார்கள். முருகேசு சிரிக்காமல் வந்து கேட்டார்: “அவுட்டா இல்லையான்னு கீப்பரே சொல்லிப்புட்டா, ஒங்களுக்கு எதுக்குங்கய்யா ரெண்டு பார்சலு?”

தொப்பியில் ஒரு விரல்

பார்சலுக்கே ஆபத்து வந்த பிறகு சும்மா இருக்கலாமா? சிவனேசனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ஒப்பந்தம் செய்தேன். இனி நீர் வாய் திறக்கக்கூடாது. அவுட் என்றால் தொப்பியின் முனையைத் தொடும். தொடாவிட்டால் நொட் அவுட். தீர்ப்பு என்னுடையதாகவே இருக்கட்டும். அம்பயருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா? அவர் யோசித்துவிட்டு, ஊருக்குப் போகிற வரைக்கும்தானே என்று சம்மதித்தார்.

அதற்கடுத்த ஞாயிறு நான் கொடுத்த தீர்ப்புகளைப் பற்றி இன்றைக்கும் கண்டி பஸ்களில் பேசிக்கொள்கிறார்கள். மயிரிழை பட்ட பந்துக்கும் சரியாக விரல் எழும்பியது. ‘ஐயா கண்ணைக் கழுவிட்டாரு’ என்று பேக்கரிக்காரர்கள் அதிசயப்பட்டார்கள். பெருமையில் நான் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கேதான் மாட்டினேன். பத்தாவது ஓவரோ என்னவோ, கட்டெறும்பு ஒன்று சிவனேசனின் நெற்றியில் ஏறிவிட்டது. தட்டிவிடக் கையைத் தூக்கினார், விரல் தொப்பியில் பட்டது, என் விரல் தானாக வானத்துக்குப் போய்விட்டது. மட்டையோடு நின்ற இரும்புக் கடைக்காரர் என்னைப் பார்த்தார், பின்னால் திரும்பிக் கட்டையைப் பார்த்தார், முன்னால் பார்த்தார். இப்போது வரப்போகிற பந்தில் நீர் அவுட் என்று முன்கூட்டியே அறிவித்தேன் என்று சமாளித்தேன். அவர் மிகப் பணிவாகத்தான் சொன்னார்: “ஐயா, பந்து இன்னும் முருகேசு அண்ணன்ட கையிலதானே இரிக்கி?”

ஐசிங் கப்

மேலே மலைகளில் மழை தொடங்கிவிட்டது. மாதத்தின் கடைசி ஞாயிறு, தண்ணீர் தார் ரோட்டின் ஓரம்வரை ஏறி நின்றது. அடுத்த ஞாயிறு மைதானம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்றைக்கு இறுதி மெட்ச். எங்கள் கப் பேக்கரியில் செய்வது. கேக்கில் கப் வடிவம் வெட்டி, மேலே மஞ்சள் ஐசிங் போட்டது. வென்றவர்கள் தூக்கிக் காட்டிவிட்டு உடனே தின்ன வேண்டும்.

சிவனேசன் வந்தார், கையில் பயணப் பை. பின்னேரம் கண்டிக்குத் திரும்பியதும் அப்படியே கிளிநொச்சி பஸ் ஏறுவதாக என்னிடம் மட்டும் சொன்னார். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவரும் சொல்லவில்லை, போய்வருகிறேன் என்று சொல்ல ‘அவையளுக்கு நான் ஆர்?’ என்று கேட்டார். போதாததற்கு அன்று இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் நிறைவாக இருந்தார்கள். அவர் படிக்கட்டுக்குப் போய்க் குடையை விரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனால் போகட்டும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்துவிட்டா போவது? நடு ரோட்டில் நின்று, இறுதி மெட்ச் என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கீப்பர் நிற்பது சர்வதேச விதி, இல்லையென்றால் என்னால் நிற்க முடியாது என்று அறிவித்தேன். அப்படி ஒரு விதி எந்த நாட்டிலும் இல்லை. நியாஸ் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். தன் டீமில் எட்டாவதாக நின்றவரின் தோளைத் தட்டி வெளியே போகச் சொன்னார். நின்றவர் நியாஸின் மனைவியின் தம்பி. பேக்கரியிலும் ஒருவர் விலகினார். மச்சினன் பட்ட பாட்டைப் பார்த்து நான் வாயைத் திறக்குமுன் நியாஸ் சொல்லிவிட்டார்: “வீட்ட போய் நான் சமாளிக்கிறன். ஆள நிக்கச் சொல்லுங்க.”

இரண்டு பந்து, இரண்டு ஓட்டம்

பேக்கரி முதலில் ஆடி ஐம்பத்து நான்கு எடுத்தது. அதில் சிவனேசனின் பங்கு சைபர். பிறகு இரும்புக் கடை ஆடியது. ஏழு பேரும் போய், கடைசி ஆளாக வந்த சிவனேசன், துணைக்கு ஓடுவதற்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொண்டு, தட்டித் தட்டிப் பதினொன்று எடுத்துவிட்டார். மிச்சம் இரண்டு பந்து. வெல்ல இரண்டு ஓட்டம். நியாஸ் குந்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார், பிட்சைப் பார்க்கத் தைரியமில்லாமல்.

முருகேசு வீசினார். பந்து மட்டையைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. சிவனேசன் மட்டை பிடித்ததால் அப்போது கீப்பர் பேக்கரியின் ஆள். பட்ட சத்தம் இல்லை. கீப்பர் கத்தவில்லை, முருகேசு கத்தவில்லை, பந்து திரும்பி முருகேசு கைக்கே வந்துவிட்டது. நான் கடைசிப் பந்துக்குத் தயாராகிறேன். பார்த்தால், சிவனேசன் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார். படிக்கட்டுப் பக்கமாக. எங்கள் ஒருவருக்கும் கேட்காத உரசல் ஒன்று அவர் மட்டைக்குத் தெரிந்திருக்கிறது. பத்தடி நடந்த பிறகு நானும் விரலைத் தூக்கினேன், எப்போதோ முடிவு செய்துவிட்டவன் மாதிரி.

பேக்கரிக்காரர்களுக்குக் கூட விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் குதிக்கத் தொடங்கினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. இரும்புக் கடைக்காரர்கள் ஏழு பேர், ஏழும் மூட்டை தூக்குகிற கை. நான் ஓடிப்போய் நடுவில் நிற்க வேண்டுமா என்று யோசிப்பதற்குள் நியாஸ் எழும்பி நேரே அவரிடம் போனார். அன்றுவரை அவர் சிவனேசனை ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டவர். “டேய் சிவா! ஒருத்தனும் கேக்கல்ல, அம்பயருக்கும் ஒண்டும் விளங்கல்ல, உன்ன ஆருடா நடக்கச் சொன்ன?”

பயணப் பை

ஏச்சு அங்கே தொடங்கி, கேக் வெட்டும்போது தொடர்ந்து, பஸ்ஸிலும் ஏறியது. நியாஸ் முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பி ஏசினார். விலக்கப்பட்ட மச்சினன், தான் நின்றிருந்தால் நடந்திருக்கவே மாட்டேன் என்று பக்கத்தில் நின்று ஏசினார். வென்ற முருகேசுவாவது சும்மா இருந்தாரா? கப்பின் கைப்பிடியை மென்றுகொண்டே, “எங்களுக்கு ஆடுறப்ப முட்டை, அவனுங்களுக்கு ஆடுறப்ப பதினொண்ணு. இது என்ன நாயம்? அடுத்த வாட்டி ஒழுங்கா ஆடலேன்னா பாரு” என்றார். அடுத்த முறை எங்கள் பக்கம் மட்டும்தான் என்று நியாஸ் எழும்ப, அதெப்படி என்று பேக்கரி எழும்ப, கண்டக்டர் இருங்கோ இருங்கோ என்று கத்தினார். ஈரமான விக்கட் கட்டைகளைச் சிவனேசனின் பயணப் பைமேல் அடுக்கிவிட்டார்கள். பையில் என்ன இருக்கிறது, ஏன் கொண்டுவந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கண்டி டவுன் வெளிச்சம் தெரிகிற இடத்தில் அவர் டெலிபோனை எடுத்து முதலாளிக்குப் போட்டார். ஆள் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றிருக்க வேண்டும். “அப்ப நாளைக்குக் காலமை வாறன்” என்றுவிட்டு வைத்தார். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்தார். பஸ்ஸுக்குள் நியாஸும் முருகேசுவும் அவர் எந்தப் பக்கம் என்று இன்னும் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். “ஐயா, இந்த ஊருக்கு வந்து ஆறு மாசம். இண்டைக்குத்தான் என்னை ஆக்கள் ஏசினவை.”

சிவனேசன் எந்தப் பக்கம் என்ற வழக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்து என்னைக் கவனித்துவிட்டுப் போகிறவரை, தீர்ப்புச் சொல்ல எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.